துவாய் வெளுக்கும் மேனுகா

மேனுகாவுக்கு இந்த உலகத்தில் கண்ணிலே காட்டக்கூடாத சாமான் ஒன்று உண்டென்றால், அது ஆமைப் படம் போட்ட அந்த அட்டைதான். பாசிக்குடாவில் அவள் வேலை செய்த ஹோட்டலில் எண்பது அறைகள். எண்பது குளியலறைகளிலும், கண்ணாடிக்குப் பக்கத்தில், அந்த ஆமை சிரித்துக்கொண்டு நின்றது. 'அன்பான விருந்தினரே, நாங்கள் தோய்க்கும் ஒவ்வொரு துவாய்க்கும் பூமி தன் நீரை இழக்கிறது. மறுபடி பாவிப்பதானால் கொளுவியில் தொங்கவிடுங்கள். மாற்ற வேண்டுமானால் நிலத்தில் போடுங்கள். ஆமைகள் உங்களுக்கு நன்றி சொல்லும்.' மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தார்கள். ஆமைக்கு எந்த மொழி தெரியுமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நன்றி சொல்லும் சிரமத்தை விருந்தினர்கள் ஆமைக்கு வைக்கவில்லை. அட்டையைப் படிப்பார்கள், 'ஆகா, எவ்வளவு நல்ல காரியம்' என்று படம் எடுப்பார்கள், எடுத்த கையோடு ஈரத் துவாயை நிலத்தில் போட்டுவிட்டு, குளிரூட்டியும் ஓட, பல்கனிக் கதவும் திறந்து கிடக்க, கடலுக்குப் போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கடலுக்கு முப்பது அடி தள்ளி ஒரு நீச்சல் குளம். அதற்கு அப்பால், தென்னைக்கும் தாழைக்கும் பிறந்த மணலில், பச்சைக் கம்பளம் போல ஒரு புல்வெளி. அந்தப் புல்லுக்கு விடிந்தால் பொழுதுபட்டால் குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் இறைக்கும். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன்கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்.

மனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர். எந்தக் கூட்டத்திலும் 'பூமித்தாய்' என்று தொடங்கி, பிளாஸ்டிக் போத்தலில் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் தொடர்வார். ஹோட்டலுக்குப் பச்சை இலைச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை. அதற்குப் பத்து அறையில் ஏழு அறை துவாயைத் தொங்கவிட வேண்டுமாம். விருந்தினரிடம் போய் 'தொங்கவிடு' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆகவே, அறை துப்புரவு செய்யும் பெண்களின் பெயரெல்லாம் எழுதி, யாருடைய அறைகள் எத்தனை தொங்கவிட்டன என்று சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார். மேனுகாவின் பெயர் கடைசியில் கிடந்தது. ஆறு வருசம் ஒரு முறைப்பாடு இல்லாமல் வேலை செய்தவளுக்கு, ஆமை சொல்லிக் கேட்காத சனத்தை நீ கேட்க வை என்று கட்டளை.

கேட்க வைத்தாள். அதுவும் யோசித்துச் செய்ததல்ல, கோபத்தில் வந்தது.

ஒரு வைகாசிக் காலை, நூற்றுப் பதினோராம் அறையில் ஒரு ஜேர்மன்காரி இருந்தாள். தனி ஆள், நாளுக்கு ஐந்து துவாய். மேனுகா உள்ளே போகும்போது அந்த அம்மாள் அட்டையைக் கையில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, 'பாவம், பாவம்' என்று வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்துத் தோளில் கிடந்த துவாயை எடுத்தாள், நிலத்தில் போட்டாள். மேனுகாவுக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. கையுறை முடிந்து இரண்டு கிழமை. கக்கூசு கழுவும் மருந்தில் உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்து கிடந்தன. அவற்றை விரித்து அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டி, "மெடம், இதெல்லாம் நான்தான் தோய்க்கிற. இந்தக் கையால," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. குனிந்து துவாயை எடுத்துக் கொளுவியில் போட்டாள். ஊருக்குப் போகும் நாள் வரைக்கும் அந்த ஒரே துவாய்தான்.

சொன்னது பச்சைப் பொய். ஹோட்டல் துவாயெல்லாம் மூட்டை கட்டி வேனில் ஏறி, மட்டக்களப்பு டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் மிசின் சலவைக்குப் போய், அடுத்த நாள் இஸ்திரி மணத்தோடு திரும்பி வரும். வேன் ஓடுகிற றம்ஸீன் ஓட்டமாவடிக்காரன். "என்ன தங்கச்சி, என்ட வேன்ல போற சாமானை உங்கட கையால தோய்க்கிறயாமே? எனக்கு அரைவாசிச் சம்பளம் தருவீங்களா?" என்று பகிடி பண்ணினான். மேனுகாவும் சிரித்தாள். ஆனால் வேலை செய்கிற பொய்யை யார் விடுவார்? பூமிக்கு இரங்காத சனம் கைக்கு இரங்கியது. பிரெஞ்சுக்காரன் இரங்கினான், ரஷ்யக்காரி இரங்கினாள், கொழும்பிலிருந்து வந்த டாக்டர் குடும்பம் இரங்கி ஒரு களிம்பும் தந்துவிட்டுப் போனது. இவர்களுக்கு நல்லது செய்ய வேண்டுமானால், கண் முன்னால் ஒருத்தி வதைபட வேண்டும். அது இருந்துவிட்டால் துவாய் தானாகவே கொளுவிக்குப் போகும். இரண்டு மாதத்தில் பட்டியலில் மேனுகா முதலாவது.

அந்தப் பொய் அவள் வாயில் அவ்வளவு சுலபமாக வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை ஹோட்டலில் ஒருவரும் அறியார். அவள் கட்டாடி வீட்டுப் பிள்ளை. ஊராரின் துணி வெளுக்கும் குடும்பம். மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கரையில் ஓர் ஊரில், தகப்பன் வினாயகமூர்த்தியும் தாய் கண்ணகையும் விடியப் பொதி சுமந்து துறைக்குப் போவார்கள். கலியாணத்துக்கும் சாவுக்கும் கோயில் சடங்குக்கும் அந்த ஊருக்கு அவர்களின் வெள்ளைத் துணி வேண்டும், ஆனால் அவர்களுக்குக் கதிரை தந்து இருக்கச் சொல்லும் வீடு ஒன்றும் இல்லை. ஒன்பது வயது வரைக்கும் மேனுகாவும் துறைக் கல்லருகில் நின்று சின்னத் துணிகள் அடித்தவள்தான். சுனாமி வந்து ஊரைத் துடைத்துப் போனது. கல்குடாப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. அங்கே முன்பின் தெரிந்த முகம் இல்லை. என்ன குடி என்று கேட்டவர்களுக்குத் தகப்பன் வாய்க்கு வந்த ஒரு குடியைச் சொன்னார், மேசனுக்குக் கையாளாகப் போனார், சாகும்வரை ஒரு சவர்க்காரக் கட்டியைத் தொடவில்லை. தாய் கண்ணகைக்கு மட்டும் ஒரு பழக்கம் விடவில்லை. ஆட்கள் வந்தால் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாள். விரல் இடுக்கெல்லாம் சலவைச் சோடாவில் வெடித்து ஆறிய வெள்ளைத் தழும்பு.

அந்தக் கையைத்தான் மேனுகா தன் கையென்று வெள்ளைக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருபது வருசமாக மூச்சு விடாத கதையை, பாசை தெரியாத சனத்திடம் நாளுக்குப் பதினான்கு தரம் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு வகைச் சுகமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் தனோஜனின் சம்பந்தம் பொருந்தி வந்தது. செங்கலடிப் பையன், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக். ஹோட்டல் மண்டபத்தில் 'சுற்றாடல் விழிப்புணர்வு' என்று இரண்டு நாள் கூட்டம் வைத்தபோது வந்தவன். விழிப்பாகத்தான் இருந்தான். கூட்டம் முடிந்து போகும்போது பையில் ஒன்பது தண்ணிப் போத்தல். "ஒண்டு காணும், மற்றதை வைச்சிட்டுப் போங்க," என்றாள் மேனுகா. அவன் வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பில் விழுந்தாள். இருபத்தொன்பது வயதில் ஒருத்தி விழுவது பெரிய காரியமா? ஏழு மாதம் போனில் கதைத்தார்கள். தாயையும் தாய்மாமன் தங்கராசாவையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தான். வந்தவர்கள் கண்ணகை காய்ச்சிய கோழிக்கறியில் சட்டியைக் காலியாக்கிவிட்டு, அடுத்த முறை வந்து தேதி வைக்கிறோம் என்று போனார்கள். மேனுகாவுக்கு அந்தக் கலியாணம் வேண்டும். அதை அவள் ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. வீட்டோடு சேர்த்துப் புதிதாக ஓர் அறை கட்டி இறக்கத் தொடங்கியிருந்தாள்.

மேனுகா துவாயைத் தொங்கவிட வைக்கும் இரகசியம் மனேஜருக்கு எட்டியது. விருந்தினர் எழுதிவிட்டுப் போன குறிப்புகளில் எல்லாம் 'மேனுகாவின் கைகள்', 'மேனுகாவின் கைகள்' என்று இருந்ததாம். துவாய் எங்கே போகிறது என்று அந்த மனிசனுக்குத் தெரியும். வேன் போகும் கணக்குச் சீட்டில் தினமும் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான். ஆனால் உண்மையா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "மேனுகா, இதுதான் எங்கட கதை. ஆமையைத் தூக்கிப் போடுவம்," என்றார். வாவிக்கரையில் அவள் துவாய் வெளுப்பது போல ஒரு படம், ஒரு சின்ன விடியோ. அறைகளில் மட்டும்தான் போடுவோம், வெள்ளைக்காரருக்குத்தான். எடுத்து முடிந்தால் அடுத்த மாதம் நீ சூப்பவைசர் என்றார்.

மேனுகா இரண்டு நாள் யோசித்தாள். வெள்ளைக்காரருக்குத்தானே என்று நினைத்தாள். அந்த நினைப்புத்தான் அவளைக் கெடுத்தது.

வாழைச்சேனைப் பக்கம் வாவியோரம் ஒரு கல்லைத் தேடிப் போட்டு, சேலையை இடுப்பில் செருக வைத்து, கையில் ஒரு துவாயைக் கொடுத்தார்கள். படம் எடுக்கிறவன் 'சும்மா தூக்கி அடியுங்க அக்கா' என்றான். மேனுகா தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வரைக்கும் வாவித் தண்ணீர் ஏறியதும் அவளுக்கு என்ன நடந்ததென்று அவளே அறியாள். துவாயை நனைத்து, முனையை மடித்து விரலுக்குள் கொடுத்து, ஒரு முறுக்கு முறுக்கி, வலத் தோளுக்கு மேலாலே கொண்டுவந்து கல்லில் இறக்கினாள். இறக்கும்போது 'இஸ்ஸு' என்று ஒரு மூச்சு. இருபது வருசம் தொடாத வேலையைக் கையும் தோளும் மூச்சும் அப்படியே வைத்திருந்தன. மனேஜர் கைதட்டினார்.

விருந்தினர் குறைந்த மாதம் வந்தது. உள்ளூர்ச் சனத்தையும் இழுக்க வேண்டுமென்று மனேஜருக்கு ஞானம் பிறந்தது. விடியோ பேஸ்புக்கில் ஏறியது. பிரதான வீதியிலிருந்து ஹோட்டலுக்குத் திரும்பும் இடத்தில், பத்தடி உயரத்தில், நல்ல தமிழில் ஒரு பலகையும் நின்றது: 'துவாய் வெளுக்கும் மேனுகா. அவள் கைகளுக்கு ஓய்வு கொடுங்கள்.' திருக்கொண்டியாமடுப் பக்கம் போகிற பஸ்ஸும் செங்கலடிக்குப் போகிற பஸ்ஸும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகும். மேனுகா மனேஜரிடம் ஓடினாள். "இதைக் கழட்டுங்க சேர், எனக்குக் கலியாணம் பேசிக் கிடக்கு," என்றாள். அவருக்கு விளங்கவில்லை. "வேலை செய்யிறது வெட்கமா மேனுகா? உழைப்புத்தான் தெய்வம்," என்று போத்தலில் ஒரு மிடறு குடித்தார். உழைப்பைத் தெய்வமாக்குகிறவன் எவனாவது உழைத்திருக்கிறானா என்று பார்த்தால் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் செங்கலடியிலிருந்து மூன்று பேரும் வந்தார்கள். தேதி வைக்கிற முகமாகத் தெரியவில்லை. தங்கராசாவுக்கு முப்பது ஏக்கர் வயல் வட்டை. வெயிலில் வந்த களைப்பில் முதலில் ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்தார், இரண்டாவதும் கேட்டார். அதையும் பாதி குடித்த பிறகுதான் போனை எடுத்து நீட்டினார்.

"இது என்ன புள்ள?"

"ஹோட்டல் விளம்பரம் ஐயா. சும்மா நடிச்சது. துவாயெல்லாம் வேனில போகுது, மிசினிலதான் தோய்க்கிற," என்றாள் மேனுகா.

தங்கராசா மூக்கால் சிரித்தார். "நடிப்பெண்டா எனக்குத் தெரியாதா? எங்கட வளவுக்குப் பின்னாலதான் துறை இரிந்த. சின்னனில ஒவ்வொரு நாளும் பாத்த நான். தெரியாதவன் துணியை நடுவில பிடிப்பான். நீ முனையை மடிச்சுப் பிடிக்கிறாய், தோளால சுத்தி இறக்கிறாய். மூச்சும் விடுறாய் புள்ள. இது பழகி வாறல்ல, ரத்தத்தில வாற."

துறையில் நின்று ஒரு கைக்குட்டை பிழிந்திராத மனிசன். வேலியால் எட்டிப் பார்த்தே ஒருவனின் சாதியை அளக்க மட்டும் படித்து வைத்திருக்கிறது. ரத்தத்தில் எங்கே வந்தது? ஒன்பது வயதுப் பிள்ளை பனியிலும் மாரியிலும் விறைத்து நின்று படித்தது அது. மேனுகாவுக்குச் சொல்ல வாய் துடித்தது. தனோஜனைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனோஜனின் தாய் நயமாகத் தொடங்கினாள். "நாங்க சண்டைக்கு வரல்ல மகள். ஊர் கதைக்குது, அதுக்கு ஒரு வழி பண்ணத்தானே வேணும். ஹோட்டல்காரர் ஆள் வைச்சுப் பழக்கின, எங்களுக்கும் அந்தத் தொழிலுக்கும் ஒரு தொடர்புமில்ல எண்டு உங்கட அம்மா அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நாலு பேர் பாத்தாக் காணும். மறுகா ஒருத்தரும் வாய் திறக்கேலா. தேதியை வைச்சிடுவம்."

எல்லோருக்கும் உண்மை தெரியும். கேட்கிறவளுக்கும் தெரியும், கேட்டு வாங்கிக் கொடுக்கிற அண்ணனுக்கும் தெரியும். அவர்களுக்குத் தேவை உண்மையல்ல, மேலே போர்த்த ஒரு வெள்ளைத் துணி. அதையும் இந்த வீட்டிலேயே வந்து கேட்கிறார்கள்.

"ஒரு சொல்லுத்தானே மேனுகா," என்றான் தனோஜன். அன்றைக்கு அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

குசினிக் கதவில் நின்ற கண்ணகை முன்னுக்கு வந்தாள். கை இரண்டும் சேலைத் தலைப்புக்குள். "பண்ணிட்டாப் போச்சு," என்றாள். "என்ட புள்ளைக்கு நல்லது நடக்கிறெண்டா நான் பண்ணுறன். அம்மன் கேட்டா, நான் பதில் சொல்லிக் கொள்ளுறன்."

கண்ணகி அம்மனின் பெயரையே வைத்து வளர்த்த மனுசி. சடங்கு தொடங்கினால் ஒரு நேரச் சோற்றோடு கிடப்பவள். அவள் அம்மன் சந்நிதியில் தன் புருசனையும் தன்னையும் இல்லையென்று கற்பூரத்தை அணைக்கத் தயாராக நின்றாள். மேனுகாவுக்கு அந்த இடத்தில் ஏதோ அறுந்தது. ஏழு மாதத்துக் கதையும், இறக்கத் தொடங்கிய அறையும், எல்லாம் ஒரு பக்கம் போய் விழுந்தன.

அவள் தாயின் தலைப்பை விலக்கி, அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

"நான் வெள்ளைக்காரனுக்குச் சொன்னது பொய்தான் ஐயா. என்ட கை துவாய் வெளுக்கல்ல. இந்தக் கை வெளுத்த. எங்கட அப்பாவும் அம்மாவும் கட்டாடி வேலை செய்தவங்க. ஊர்ச் சனத்திட ஊத்தையெல்லாம் இவங்கதான் எடுத்த. நீங்க பாத்த சரி. வேலிக்கு அங்கால நிண்டு பாத்திங்க, நான் இங்கால நிண்டு பழகினன். அம்மா ஒரு கோயிலுக்கும் வரமாட்டா."

தங்கராசா கையில் இருந்த கோப்பையை, சுட்ட சாமானை வைப்பது போல, அவசரமாகக் கீழே வைத்தார். பாதித் தேத்தண்ணீர் அதில் கிடந்தது. எழும்பி வேட்டியைத் தட்டினார்.

"ஒண்டரைக் கோப்பை உள்ளுக்குப் போயிட்டு ஐயா," என்றாள் மேனுகா. "போன முறை கோழிக்கறியும் போன. அதுக்கெல்லாம் என்ன செய்யப் போறீங்க?"

அவர் வெளியே போனார். தனோஜனின் தாயும் பின்னால் போனாள். தனோஜன் மட்டும் படலையடியில் நின்று, மாமன் முச்சக்கர வண்டியில் ஏறும்வரை பார்த்து, மெல்லத் திரும்பி வந்தான்.

"கோபத்தில சொல்லிட்டீங்க. பரவால்ல. அந்தப் பலகையைக் கழட்டி, விடியோவையும் அழிச்சாங்கெண்டா, கொஞ்ச நாள் போக நான் அம்மாவோட கதைச்சுப் பாக்கிறன். நீங்க இனி இதைப் பத்தி ஒருத்தருக்கும் சொல்லாம இரிங்க."

கந்தோரில் ஒரு பைலைக் கட்டின் அடியில் போட்டு வைக்கிற தொனி. அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. இவனுக்காகவா ஏழு மாதம் போன் சூடாகச் சூடாகக் காதில் வைத்திருந்தேன் என்று தன் மேல்தான் வந்தது.

"துவாய் ஒண்டைத் தொங்கவிட வைக்கிறதுக்கு நான் ஒரு பொய் சொன்னன் தனோஜன். அதில ஒரு நட்டமும் வரல்ல, தண்ணியாவது மிஞ்சின. உங்களை வைச்சிருக்கிறதுக்கு இன்னொரு பொய் சொன்னா, எனக்கு என்ன மிஞ்சும்? போயிட்டு வாங்க."

'வாங்க' என்றது வாய்ப்பழக்கத்தில் வந்தது. அவனும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, ஏனென்றால் அவன் வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். முச்சக்கர வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பக்கத்து வளவுகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. விடியுமுன்னே கதை வீட்டுத்திட்டம் முழுக்கப் போய்விடும். போகட்டும் என்று மேனுகா படலையைச் சாத்தினாள்.

உள்ளே கண்ணகை இன்னும் நின்ற இடத்தில்தான் நின்றாள். கை வெளியேதான் இருந்தது, திரும்பத் தலைப்புக்குள் போகவில்லை. அழுத முகம். தங்கராசா வைத்துவிட்டுப் போன கோப்பையை, எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை என்ன செய்யிற மனே?" என்று கேட்டாள்.

"கழுவி வைங்கம்மா," என்றாள் மேனுகா. "ஆர் குடிச்ச எண்டெல்லாம் நாங்க பாக்கிறல்ல."